ஃபண்டட் அக்கவுண்ட்டில் தடுக்கப்பட்ட வழிகள்: எந்தத் தடை யாருக்காக?

போன மாதம் திருமங்கலத்திலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். கப்பலூர் சிட்கோவில் ஷிஃப்ட் வேலை. மிச்சம் பிடித்த காசில் ஒரு லட்சம் டாலர் சேலஞ்ச் ஒன்று எடுக்கப் போகிறானாம். அதாவது, பிராப் கம்பெனி என்ற டிரேடிங் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி எடுக்கும் தேர்வு. பாஸ் ஆனால் அந்த அளவுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து (அதுதான் ஃபண்டட் அக்கவுண்ட்) லாபத்தில் பங்கு தருவார்கள். கட்டணமே 50,000 ரூபாய்க்குப் பக்கம். "அண்ணே, மூணு வழி வச்சிருக்கேன். எதுல சீக்கிரம் பாஸ் ஆகலாம்னு சொல்லுங்க" என்று பேப்பரை நீட்டினான். டெலிகிராமில் விற்கும் மார்ட்டிங்கேல் ரோபோ (தானாக ஆர்டர் போடும் மென்பொருள்), செய்தி நேர டிரேடிங், நண்பனோடு சேர்ந்து எதிரெதிர் ஆர்டர் போடுவது. மூன்றுமே பல பிராப் கம்பெனிகள் தடுக்கிற அல்லது கட்டுப்படுத்துகிற வழிகள். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அது புரியாமல் பணம் கட்டக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் களம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். செக் நாட்டின் பிராக் நகரத்து எஃப்டிஎம்ஓ நிறுவனத்தின் இரண்டு கட்டத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் 10 சதவீத லாபம், இரண்டாவதில் 5 சதவீதம். ஒரு நாள் நஷ்டம் 5 சதவீதத்தையோ மொத்த நஷ்டம் 10 சதவீதத்தையோ தாண்டினால் அக்கவுண்ட் போய்விடும். பாஸ் ஆன பிறகும் நம் கையில் இருப்பது டெமோ அக்கவுண்ட்தான். விலை நிஜம், பணம் நிஜமில்லை. நமக்கு வரும் பே-அவுட், அதாவது லாபப் பங்கு, கம்பெனி தன் கையிலிருந்து தருவது. ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: இதே டிரேடை நிஜப் பணத்தில் போட்டால் இந்த லாபம் வருமா?

மார்ட்டிங்கேலை எடுப்போம். தோற்றால் அடுத்த ஆர்டரில் லாட்டை (ஆர்டரின் அளவை) இரட்டிப்பாக்கு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்பது கணக்கு. யூரோ-டாலரில் அரை லாட், 20 பிப் ஸ்டாப் லாஸ், லாப இலக்கும் அதே 20 பிப் என்று வையுங்கள். பிப் என்பது விலை நகர்வின் சிறு அலகு; ஸ்டாப் லாஸ் என்பது நஷ்டம் அந்த அளவைத் தொட்டதும் டிரேடைத் தானாக மூடுவது. முதல் தோல்வி 100 டாலர். அப்புறம் 200, 400, 800, 1,600. ஐந்து தோல்வியில் 3,100 டாலர் போயிருக்கும். ஆறாவது ஆர்டரில் 3,200 டாலர் பணயம். அதுவும் தோற்றால் மொத்தம் 6,300. ஒரு நாள் எல்லையோ 5,000. ஜெயித்தால் கிடைப்பது எவ்வளவு? எத்தனையாவது ஆர்டரில் ஜெயித்தாலும் மொத்தத்தில் அதே 100 டாலர்தான். நாணயம் சுண்டுவது போல சரிபாதி வாய்ப்பு என்றாலும், ஆறு முறை தொடர்ந்து தோற்பது 64-ல் ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சுற்று ஓடும் ரோபோவுக்கு அந்த நாள் ஓரிரு மாதத்தில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பழைய கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்கி, அதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்குவதைப் போன்றது இது. நம் ஊர் மார்க்கெட்டில் அதில் சிக்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இதற்கு எதிரே நிலையான ரிஸ்க்கை வையுங்கள். ஒவ்வொரு டிரேடிலும் அரை சதவீதம், அதாவது 500 டாலர். அன்றைய எல்லையைத் தொட ஒரே நாளில் பத்து முறை தோற்க வேண்டும். மொத்த எல்லையைத் தொட இருபது தோல்வி. எவ்வளவு மூச்சு விட இடம் இருக்கிறது பாருங்கள். மார்ட்டிங்கேல் நிஜச் சந்தையிலும் இதே மாதிரிதான் முடியும். இந்தத் தடை கம்பெனிக்கு நல்லதோ இல்லையோ, நமக்கு நல்லது. ஸ்டாப் லாஸ் இல்லாமல் 20 பிப்புக்கு ஒரு ஆர்டர் அடுக்கும் கிரிட் முறையும் இதன் தம்பிதான். லாட் ஏறாவிட்டாலும் ஆர்டர் எண்ணிக்கை ஏறும்.

செய்தி நேர டிரேடிங்கை, அதாவது பெரிய பொருளாதார அறிக்கை வரும் நொடியில் விலை பாய்வதைப் பிடிப்பதை, இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பணவீக்க அறிக்கை அவர்கள் கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6 மணிக்கு வரும், குளிர்காலத்தில் 7 மணிக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பையன்களுக்கு அது தோதான நேரம் என்பதால் ஆசை வருவது இயல்பு. வழக்கமான முறை, விலைக்கு மேலே ஒரு பை ஸ்டாப் (அங்கே ஏறினால் வாங்கும் ஆர்டர்), கீழே ஒரு செல் ஸ்டாப் (அங்கே இறங்கினால் விற்கும் ஆர்டர்). எந்தப் பக்கம் பாய்ந்தாலும் பிடித்துக்கொள்ளும். டெமோவில் கேட்ட விலையிலேயே ஆர்டர் விழுந்து லாபம் அழகாகத் தெரியும். நிஜத்தில் அந்த நொடியில் ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) விரியும், அடுத்துக் கிடைக்கிற விலையில்தான் விழும். சில சமயம் மேலே போய் ஒன்றைப் பிடித்து, திரும்பிக் கீழே வந்து இன்னொன்றையும் பிடித்து, இரண்டிலும் நஷ்டம் தரும்.

2015 ஜனவரி 15 இதற்குப் பெரிய சாட்சி. சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தாங்கிப் பிடித்திருந்த வரம்பை முன்னறிவிப்பில்லாமல் விட்டது. நம் நேரப்படி மாலை 3 மணி. விலை சில நிமிடங்களில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஸ்டாப் லாஸ் வைத்தவர்களுக்கும் அது வைத்த விலையில் விழவில்லை. எஃப்எக்ஸ்சிஎம் என்ற புரோக்கருக்கு வாடிக்கையாளர்கள் 22.5 கோடி டாலர் பாக்கி வைத்தார்கள். அல்பாரி என்ற இன்னொரு புரோக்கரின் பிரிட்டன் நிறுவனம் திவாலானது. செய்தி நேரத்து லாபத்தை டெமோவில் காட்டிக் காசு கேட்டால் கம்பெனி ஏன் தயங்குகிறது என்பது இதில் புரியும். எஃப்டிஎம்ஓவின் சாதாரண ஃபண்டட் அக்கவுண்ட்டில் பெரிய செய்திகளுக்கு 2 நிமிடம் முன்னும் 2 நிமிடம் பின்னும் அந்தச் செய்தி தொடும் நாணய ஜோடிகளில் ஆர்டர் திறக்கவோ மூடவோ கூடாது. தேர்வுக் கட்டத்தில் இந்த விதி இல்லை என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. செய்தியில் அடித்துப் பாஸ் ஆகிவிட்டு, அதே பழக்கத்தோடு ஃபண்டட் அக்கவுண்ட்டுக்குள் போய் மாட்டுகிறார்கள்.

மூன்றாவது வழி எனக்குக் கோபம் தருவது. இருவர் ஆளுக்கொரு சேலஞ்ச் எடுத்து, ஒருவர் வாங்க ஒருவர் விற்க, ஒன்று நிச்சயம் ஜெயிக்கும். இதில் டிரேடிங் எங்கே இருக்கிறது? நிஜப் பணத்தில் இரண்டும் கழிந்து ஸ்பிரெட்டும் கமிஷனும்தான் நஷ்டமாக மிஞ்சும். ஒரே அக்கவுண்ட்டுக்குள் பை, செல் இரண்டும் வைப்பதைப் பல கம்பெனிகள் விடுகின்றன. இரண்டு அக்கவுண்ட்டுக்கு நடுவே செய்வதைத்தான் தடுக்கின்றன. இதில் அப்பாவிகளும் சிக்குவதுண்டு. எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் வில்லாபுரத்தில் ஒரே வீட்டு வைஃபையில் தனித்தனியாக டிரேட் செய்தார்கள். ஐபி முகவரி ஒன்று, ஆர்டர் நேரமும் சில நாட்கள் ஒத்துப்போயிற்று. இருவர் பே-அவுட்டும் நின்றது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் முதல் ஆர்டருக்கு முன்பே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

லேட்டன்சி ஆர்பிட்ரேஜ், நொடிக் கணக்கில் மூடும் டிக் ஸ்கால்பிங் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனியின் விலை பின்தங்கி வரும்போது, புது விலையை முந்திப் பார்த்துவிட்டு பழைய விலையில் ஆர்டர் போட்டுத் திருடுவதுதான் முதலாவது. லண்டன் சர்வருக்குப் போய்வர நூறு மில்லிசெகண்டுக்கு மேல் எடுக்கும் நம் வீட்டு இணையத்தில் அது நடக்கவும் நடக்காது.

தம்பி பேப்பரில் இல்லாத ஒன்று, டிரேடை மூடாமல் வார இறுதியைத் தாண்டி வைத்திருப்பது. நிஜச் சந்தையிலும் நியாயமான வழி இது. எஃப்டிஎம்ஓவின் சாதாரண ஃபண்டட் அக்கவுண்ட்டில் தடை, ஸ்விங் என்ற இன்னொரு வகை அக்கவுண்ட்டில் அனுமதி, செய்தி விதியும் அங்கே இல்லை. பதிலுக்கு லிவரேஜ் (கணக்கிலுள்ள பணத்தைப் போல எத்தனை மடங்குக்கு டிரேட் செய்யலாம் என்பது) 1:100-லிருந்து 1:30-ஆகக் குறையும். அரை சதவீத ரிஸ்க்கில் நாள் கணக்கில் வைத்திருப்பவனுக்கு அந்தக் குறைவு உறைக்காது. ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானம். சிகாகோவின் டாப்ஸ்டெப் போன்ற ஃபியூச்சர்ஸ் (எதிர்கால ஒப்பந்தங்கள்) பிராப் கம்பெனிகள் இவனுக்கு ஒத்து வராது, தினமும் அவர்கள் நேரம் பிற்பகல் 3.10-க்குள் எல்லாவற்றையும் மூட வேண்டும். நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1.40, குளிர்காலத்தில் 2.40.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். வெளிநாட்டு மார்ஜின் டிரேடிங்குக்கு (சிறு முன்பணம் கட்டிப் பெரிய தொகைக்கு டிரேட் செய்வதற்கு) பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அங்கீகாரமில்லாத ஃபாரெக்ஸ் தளங்கள் என்று 34 பெயர்களை 2022 செப்டம்பரில் வெளியிட்டு, பிறகும் சேர்த்து வந்திருக்கிறது. சேலஞ்ச் கட்டணம் மார்ஜின் அல்ல என்று கம்பெனி சொல்லலாம். அதை நம் ஆடிட்டர் சொல்லட்டும்.

ரோபோவை வாங்கவில்லை. ஒரு நோட்டில் அரை சதவீதக் கணக்கை எழுதிக்கொண்டு போனான். இப்போது இலவச டெமோவில் ஓட்டிப் பார்க்கிறான், 50,000 ரூபாய் இன்னும் அவன் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.