கோடைகால ஹாங்காங்கில் ஸ்டார் ஃபெர்ரி

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹாங்காங்கைச் சுற்றிப் பார்க்கச் செல்வோரை வாட்டுவது வெயிலைக் காட்டிலும் புழுக்கமே. வெப்பநிலை பெரும்பாலும் 32, 33 டிகிரியைத் தாண்டுவதில்லை என்றாலும், காற்றிலுள்ள ஈரப்பதமும் வரிசையாக எழுந்து நின்று காற்றை மறிக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களும் சேர்ந்து, அரைமணி நேர நடையிலேயே சட்டையை முழுவதும் நனைத்துவிடுகின்றன. இதிலிருந்து தப்பிக்கச் சுற்றுலாப் பயணிகள் குளிரூட்டப்பட்ட வணிக வளாகங்களுக்குள்ளும் மெட்ரோ ரயிலுக்குள்ளும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதனால் அவர்கள் நகரத்தையே பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். கவுலூன் பக்கத்துச் சிம் ஷா சுயியையும் ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதியையும் இணைக்கும் ஸ்டார் ஃபெர்ரியின் பயணப் படகுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம். கோடையில் இந்நகரத்தைக் காண இதைவிட நல்ல வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இவ்விரு கரைகளுக்கும் இடையே உள்ள விக்டோரியா துறைமுகத்தைக் கடக்க ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆகின்றன. படகு கரையை விட்டு விலகியதும், திறந்த பக்கங்களின் வழியே கடற்காற்று தடையின்றி உள்ளே புகுந்து, கழுத்தில் வழிந்த வியர்வையைச் சில நொடிகளில் உலர்த்திவிடுகிறது. பச்சையும் வெள்ளையும் பூசிய இப்படகுகளில் பெரும்பாலானவை 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்டவை. இரு முனைகளும் ஒன்றுபோலவே அமைந்திருப்பதால் படகு கரையில் திரும்ப வேண்டியதில்லை. வந்த முகத்தை விட்டு மறுமுகத்தால் புறப்பட்டுவிடும். பயணிகளும் அவ்வாறே இருக்கையின் சாய்மானத்தைத் தள்ளி எதிர்ப்புறமாக மாற்றிவிட்டு, செல்லும் திசையைப் பார்த்து அமர்ந்துகொள்கிறார்கள். படகு துறையை நெருங்கும்போது கடற்படைச் சீருடையை ஒத்த நீல உடையணிந்த பணியாளர், படகிலிருந்து வீசப்படும் பருத்த வடத்தைக் கரையில் நின்று நீண்ட கொக்கியால் பற்றி இழுத்துக் கட்டுவதைப் பார்க்கக் குழந்தைகள் ஓடிவந்து நிற்பார்கள். பெரியவர்களும் பார்க்க வேண்டிய கைத்திறன் அது.

மேல்தளம், கீழ்த்தளம் என இரண்டு உண்டு. இரண்டுக்கும் நுழைவாயில்கள் தனித்தனி. கீழ்த்தளத்தில் கட்டணம் சற்றுக் குறைவு. தண்ணீர் மிக அருகில் இருக்கும். ஆனால் இயந்திரத்தின் சூடும் எண்ணெய் வாடையும் அங்கே எட்டும் என்பதால், கோடையில் மேல்தளத்தையே பரிந்துரைப்பேன். அதற்கும்கூட மெட்ரோ ரயிலில் இதே துறைமுகத்தைக் கடக்க ஆகும் கட்டணத்தைவிடக் குறைவாகவே செலவாகும். முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் ஆக்டோபஸ் அட்டை இருந்தால் வாயிலில் தொட்டுவிட்டு நடக்கலாம்.

இச்சேவையின் உயர்வுக்குக் காட்சியழகு மட்டும் காரணமில்லை. பம்பாயிலிருந்து வந்த பார்சி வணிகர் தொராப்ஜி நௌரோஜி மித்தாய்வாலா 1888இல் இதற்கான நிறுவனத்தைத் தொடங்கினார். 1898இல் அது ஸ்டார் ஃபெர்ரி என்ற பெயரைப் பெற்றது. கடலுக்கடியில் சாலைச் சுரங்கம் திறக்கப்பட்ட 1972 வரை, இரு கரைகளுக்கும் இடையே மக்கள் படகையே நம்பியிருந்தார்கள். 1966இல் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 காசுகள் உயர்த்த முனைந்தபோது, ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருக்க, அது நகரமெங்கும் கலவரமாகப் பரவியது. சுற்றுலாப் பொருளுக்காக எந்த ஊரும் அப்படிக் கொதித்தெழாது. இன்றும் பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையுடன் ஒரு மூதாட்டியோ, கையடக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தபடி அலுவலகம் திரும்பும் இளம்பெண்ணோ அமர்ந்திருக்கக் காணலாம். அவர்களோடு சேர்ந்து அமர்ந்து செல்லும்போது, நகரத்தின் அன்றாடத்தில் நமக்கும் சிறிது இடம் கிடைக்கிறது.

குறை என்று சொல்வதானால், சென்ட்ரல் கரையில் துறை அமைந்திருக்கும் இடத்தைத்தான் சொல்ல வேண்டும். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்துக்காக, 1957 முதல் இயங்கிய எடின்பரோ பிளேஸ் துறை 2006 நவம்பரில் மூடப்பட்டது. மக்கள் திரண்டு எதிர்த்தும் அதன் மணிக்கூண்டு இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது 7ஆம் எண் துறைக்குச் செல்ல, மெட்ரோ நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 நிமிடம் நடக்க வேண்டும். மேம்பால நடைபாதைகளுக்குக் கூரை இருந்தாலும், நண்பகல் புழுக்கத்தில் முதியோருக்கு அது கடினமே. ஞாயிற்றுக்கிழமையானால் அந்த நடையே தனி அனுபவம்: வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் வார விடுமுறையில் நடைபாதைகளின் ஓரங்களில் அட்டைகளை விரித்து அமர்ந்து, உணவைப் பகிர்ந்துகொண்டும் பாடிக்கொண்டும் இருப்பார்கள். இந்நகரத்தின் எத்தனையோ வீடுகள் யாருடைய உழைப்பில் நடக்கின்றன என்பதை அங்கே கண்ணால் காணலாம். ஆகவே படம் எடுக்க முனையாமல், மரியாதையுடன் வழிவிட்டுக் கடந்து செல்வது நல்லது.

சிம் ஷா சுயி பக்கத்தில் அத்தொல்லை இல்லை. துறையை ஒட்டியே, பழைய ரயில் நிலையத்தில் எஞ்சிய 44 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. சில நிமிட நடையில் தெருவோரத் தேநீர்க் கடைகளும் உள்ளன. பனிக்கட்டி மிதக்கும் எலுமிச்சைத் தேநீரை அங்கே குடித்துவிட்டுப் படகேறுவது கோடைக்கு ஏற்ற வரிசை.

புயல் எச்சரிக்கை 8ஆம் எண்ணுக்கு உயர்ந்தால் படகுகள் நிறுத்தப்படும். கோடையில் அது அரிதன்று என்பதால், கிளம்புமுன் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில், கோடைச் சூரியன் மறையும் ஏழு மணியையொட்டிச் சிம் ஷா சுயியில் ஏறி, மேற்கு வானத்தைக் காண வலப்பக்கத்தில் அமருங்கள். ஹாங்காங் தீவின் வான்சாய் பகுதியிலுள்ள மாநாட்டு மையத்தையும் அதன் பின்னே ஒவ்வொன்றாக விளக்கேற்றும் கோபுரங்களையும் பார்க்க விரும்பினால் இடப்பக்கம். இரவு எட்டு மணிக்குக் கட்டடங்களின் ஒளிக்காட்சி தொடங்கும். அதற்குள் மீண்டும் கவுலூன் கரைக்குத் திரும்பிவிட்டால், மணிக்கூண்டை அடுத்த கடலோர நடைபாதையில் நின்றே அதைப் பார்க்கலாம்.