எஸ்எம்பிஎஸ் மாற்றாமல் ஒரு கிராபிக்ஸ் கார்டு: 1650, 6400, 3050 மூன்றில் எது?

கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகள் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் ஊருக்கு ஊர் கிடைக்க ஆரம்பித்த பிறகு, நிறைய வீடுகளில் ஒரே மாதிரி கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறைக்குள் ஒரு ஐ5, 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. ஆபீஸ் வேலைக்கும் யூடியூபுக்கும் குறையே இல்லை. வீட்டில் யாராவது கேம் விளையாட வேண்டும், வீடியோ எடிட் செய்ய வேண்டும் என்றால்தான் கிராபிக்ஸ் கார்டு பேச்சு வருகிறது.

இந்தப் பேச்சு எப்போதும் "எந்தக் கார்டு வேகம்?" என்றுதான் தொடங்கும். ஆனால் இந்த மாதிரி கம்ப்யூட்டரில் எதைப் போடலாம் என்று முடிவு செய்வது கார்டு இல்லை, பெட்டி. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) எத்தனை வாட், கார்டைச் செருகும் ஸ்லாட் எந்தத் தலைமுறை, கேபினட் எவ்வளவு உயரம் என்ற மூன்றையும் பார்த்த பிறகு, கையில் மிஞ்சும் கார்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில் கரன்ட். மதர்போர்டில் இருக்கும் எக்ஸ்16 ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. ஆப்டிபிளெக்ஸ் 7010 சின்னப் பெட்டியில் 240 வாட், 9020-இல் 255 வாட், 7040-இல் வெறும் 180 வாட். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாமே என்றால், 7020, 9020 வகையில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரே வழக்கமான 24 பின் கிடையாது, டெல்லின் சொந்த 8 பின். மாற்று வயர் கிடைக்கிறது, ஆனால் சின்னப் பெட்டிக்குள் சாதாரண எஸ்எம்பிஎஸ் நுழையாது.

லோக்கல் கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் வேறு சங்கடம். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர் இருக்கும். அதை நம்ப வேண்டாம். அதே லேபிளில் 12 வோல்ட் பக்கம் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். ப்ராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆகவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கடைக்காரர் முதலில் நீட்டுவது ஜிடி 710 அல்லது ஜிடி 730 ஆகத்தான் இருக்கும். புதிதாக, சீல் பிரிக்காத பெட்டியில் இன்னமும் விற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை கெப்ளர் என்ற பழைய தலைமுறை சிப், அதற்குப் புது கேம் டிரைவர்களை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை விட ஜிடி 710 சொல்லிக்கொள்ளும்படி வேகம் இல்லை. இன்னொரு மானிட்டர் மாட்ட வேண்டும், கேம் தேவையில்லை என்பவர்களுக்கு மட்டும் சரி.

அடுத்த படி ஜிடி 1030. 30 வாட்தான், எந்தப் பெட்டியிலும் ஓடும். ஆனால் இதில் ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்றை இறக்கினார்கள், அதன் வேகம் 16.8 ஜிபி. கேம்களில் இரண்டாவது ஏறக்குறைய பாதியாக விழுந்துவிடும். கார்டு வரும் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில்தான் வித்தியாசம் தெரியும். நல்ல வகையே கிடைத்தாலும் 2 ஜிபி மெமரி இன்றைக்குப் போதாது, வீடியோ என்கோடரும் (ரெக்கார்டிங், எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் பகுதி) இந்தக் கார்டில் கிடையாது. போதாக்குறைக்கு, 10 சீரிஸ் கார்டுகளுக்கான வழக்கமான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுக்கும் இதே நிலைதான்.

ஆக, உண்மையான போட்டி மூன்று கார்டுகளுக்கு இடையில்தான்.

ஜிடிஎக்ஸ் 1650, 2019-இல் வந்தது. 896 கோர், 4 ஜிபி மெமரி, 75 வாட். முதலில் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, 2020-இல் ஜிடிடிஆர்6 வகையும் வந்தது. இரண்டாவது கொஞ்சம் வேகம். ஆனால் கவனம்: சில தயாரிப்பாளர்கள் 1650-க்கும் 6 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

ஆர்எக்ஸ் 6400, ஏஎம்டியுடையது, 2022-இல் வந்தது. 768 ஷேடர், 4 ஜிபி ஜிடிடிஆர்6, வெறும் 53 வாட். ஒரே ஸ்லாட் தடிமனில், அரை உயரத்தில் கிடைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் சின்னப் பெட்டிக்கென்றே செய்த கார்டு மாதிரி இருக்கும். புதிய மதர்போர்டில் 1650-க்குச் சமமாகவே ஓடும்.

பிரச்சினை, நம்மிடம் இருப்பது புதிய மதர்போர்டு இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. 6400 கார்டு நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் உள்ளே அது பயன்படுத்துவது 4 லேன் (டேட்டா போய்வரும் பாதை) மட்டுமே. பிசிஐ எக்ஸ்பிரஸ் (இந்த ஸ்லாட் வகையின் பெயர்) 4.0 தலைமுறை ஸ்லாட்டில் அந்த நான்கு லேனிலேயே நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போய்வரும். 3.0 ஸ்லாட்டில் அது 4 ஜிபி ஆகிவிடும். 2.0 என்றால் 2 ஜிபி. மெமரி 4 ஜிபிதான் என்பதால், கேமின் டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்ற பரப்புகளின் படங்கள்) அதற்குள் அடங்காமல் கம்ப்யூட்டரின் ராமுக்கு வழிந்த உடனே இந்த இணைப்பின் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) நன்றாகத் தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நகரும்.

யாரிடம் 2.0 ஸ்லாட் இருக்கிறது? இரண்டாம் தலைமுறை இன்டெல் எல்லாமே. நான்காம் தலைமுறையிலும் எச்81 சிப்செட் போர்டுகள் எல்லாமே. ப்ராசஸருக்கு 3.0 தெரியும், ஆனால் எச்81 போர்டு அதை 2.0-க்குக் கட்டிப்போட்டுவிடும். நம்மூரில் அசெம்பிள் செய்த மலிவு கம்ப்யூட்டர்களில் எச்61, எச்81 போர்டுகள்தான் ஏராளம், ஆப்டிபிளெக்ஸ் 3020-உம் எச்81தான். ஜிடிஎக்ஸ் 1650 கார்டோ 16 லேனையும் பயன்படுத்துகிறது. அதே எச்81 ஸ்லாட்டில் அதற்கு 8 ஜிபி கிடைக்கும். 6400 புதிய போர்டில் பெறும் வேகத்தை 1650 பழைய போர்டிலேயே பெற்றுவிடுகிறது. ஆக, 2.0 ஸ்லாட் வைத்திருப்பவர்கள் 6400 பக்கம் போகவே கூடாது. ஆறாம், ஏழாம் தலைமுறை 3.0 ஸ்லாட்டில் போடலாம், டெக்ஸ்சர் செட்டிங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு.

6400-க்கு இன்னொரு குறையும் உண்டு. வீடியோவைப் பார்க்கலாம், ஆனால் ஓபிஎஸ்ஸில் ரெக்கார்ட் செய்யவோ எடிட் செய்ததை வேகமாக எக்ஸ்போர்ட் செய்யவோ அதில் என்கோடர் இல்லை. இன்டெல் ப்ராசஸரின் உள் கிராபிக்ஸைப் பயாஸில் அணைக்காமல் விட்டால் அதன் குவிக்சிங்க் என்கோடர் கைகொடுக்கும். ஆனாலும் எடிட்டிங்தான் முக்கிய வேலை என்றால் என்விடியா பக்கம் போவதே நிம்மதி.

அப்படியானால் 6400 எதற்குத்தான் லாயக்கு? 180 வாட் பெட்டிக்கு. ஆப்டிபிளெக்ஸ் 7040 சின்னப் பெட்டியில் 65 வாட் ப்ராசஸர், கார்டுக்கு 75, மற்றவைக்கு 30 என்று கூட்டினால் 170 வந்துவிடும். 53 வாட் கார்டு என்றால் மூச்சுவிட இடமிருக்கிறது. தவிர, சில சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு ஒட்டினாற்போல எஸ்எம்பிஎஸ் இருக்கும், இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு உட்காரவே உட்காராது. அரை உயர 1650, 3050 பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன்தான். சில பிராண்டட் சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டை விடக் குறைந்த வரம்பும் வைத்திருப்பார்கள். மாடல் எண்ணைப் போட்டு கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது. இதிலும் என்விடியாவின் பெயர் விளையாட்டு. 2022-இல் வந்த 8 ஜிபி 3050-இல் 2560 கோர், 130 வாட், தனி வயர் வேண்டும். 6 ஜிபி வகையில் 2304 கோர், மெமரி பாதையும் குறுகல், 70 வாட். பெயருக்கு ஏற்ற கார்டு இல்லை என்று வந்தபோது விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், நியாயம்தான். ஆனால் நம் கணக்கில் அந்தக் குறைந்த வகைதான் தங்கம், ஏனென்றால் தனி வயர் இல்லாமல் ஓடுவது அதுதான். 1650-ஐ விடத் தெளிவாக வேகம், 6 ஜிபி மெமரி, டிஎல்எஸ்எஸ் (ஏஐ உதவியால் எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் வசதி) உண்டு, என்கோடர் நல்ல தலைமுறை, யூடியூபின் ஏவி1 வீடியோவையும் கார்டே கையாளும். 8 லேன் என்பதால் எச்81 ஸ்லாட்டிலும் 4 ஜிபி கிடைக்கும். மெமரி அதிகம் இருப்பதால் அந்தக் குறுகலும் பெரிதாக உறுத்தாது.

விலை? அமெரிக்காவில் அறிமுகமானபோது 1650-க்கு 149 டாலர், 6400-க்கு 159, 3050 6 ஜிபி-க்கு 170-ஐ ஒட்டி. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் டீலர் லாபமும் சேர்ந்துகொள்ளும். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறியதில் எந்த வார விலையும் அடுத்த வாரம் நிற்பதில்லை, அதனால் ரூபாய்க் கணக்கு எழுதுவதில் பயனில்லை. என் அளவுகோல் இதுதான்: பழைய 1650-க்குக் கேட்கும் விலை, புதிய 3050 6 ஜிபி விலையில் பாதியை ஒட்டி இருந்தால் 1650-ஐ எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் கொஞ்சம் காத்திருந்து 3050-ஐ வாரண்டியோடு வாங்குங்கள். புதிய 1650-ஐ முழு விலைக்கு வாங்க இப்போது ஒரு காரணமும் இல்லை.

இன்டெலின் ஆர்க் ஏ380, ஏ310 பற்றிக் கேட்பார்கள். ஏ380-இல் 6 ஜிபி மெமரி, ஏவி1 என்கோடர் எல்லாம் இருக்கிறது. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே தடவையில் எட்டும் வசதி) இல்லாத போர்டில் கேம் வேகம் படுத்துவிடும், இன்டெலே பத்தாம் தலைமுறையிலிருந்துதான் போடச் சொல்கிறது. வீடியோ மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் யோசிக்கலாம்.

"ஆர்எக்ஸ் 580 வாங்கினால் இதைவிட மலிவாச்சே" என்று ஒரு நண்பராவது சொல்வார். தப்பில்லை. வேகத்தில் 3050 6 ஜிபி-யை ஒட்டி வரும், 8 ஜிபி மெமரி வேறு. ஆனால் அது 185 வாட் கார்டு. அசெம்பிள் செய்த பெரிய கேபினட்டாக இருந்து, நல்ல பிராண்டில் ஒரு 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்கத் தயார் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கார்டுகளில் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை ஏராளம், "2048எஸ்பி" என்று போட்டிருந்தால் அது உண்மையில் 570-க்குச் சமமான சிப். மோலெக்ஸ் (பழைய 4 பின்) வயரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டரைப் போட்டு பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓட்டலாம் என்று சொல்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

மானிட்டரையும் மறக்க வேண்டாம். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கும். மூன்று கார்டிலும் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். இதே விஷயம் போலியைக் கண்டுபிடிக்கவும் உதவும். 10 சீரிஸ் முதல் என்விடியா சிப்களில் விஜிஏ சிக்னலே இல்லை. ஆகவே விஜிஏ சாக்கெட் வைத்த "1050 டிஐ" ஒன்று கைக்கு வந்தால், அது பெரும்பாலும் பழைய ஃபெர்மி தலைமுறை சிப்பின் பயாஸை மாற்றி எழுதிய டூப்ளிகேட்.

கார்டு போட்டால் எல்லாம் பறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வேலரன்ட் கேம் 144 எஃப்பிஎஸ்-க்குக் கேட்டதே 1050 டிஐ அளவு கார்டுதான், அதில் தடுமாறுவது பெரும்பாலும் நான்கு கோர் ப்ராசஸர். விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் போட்ட நான்காம் தலைமுறை கம்ப்யூட்டரில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்லாததால் அந்த கேம் திறக்கவே மறுக்கும், அதை எந்தக் கார்டும் சரிசெய்யாது. 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொரு 8 போடுவது கார்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பழைய கார்டு வாங்கினால் "டெஸ்டிங் வாரண்டி" எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அங்கேயே ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரம் காட்டும் மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். போலி என்விடியா கார்டை அதுவே காட்டிக்கொடுக்கும், எத்தனை லேன், எந்தத் தலைமுறை இணைப்பு என்பதும் தெரியும். முடிந்தால் உங்கள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போங்கள். பழைய பயாஸ் உள்ள சில போர்டுகளில் புதுக் கார்டைப் போட்டால் திரையே வராது. அது கடையிலேயே தெரிந்துவிட்டால், கார்டைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டியதில்லை.