பாமினியா, யுனிகோடா: யாழ்ப்பாணத்துக் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் முடியாத இழுபறி

"யாழ்ப்பாணம்இ கிளிநொச்சிஇ முல்லைத்தீவு". இணையத்தில் ஈழத்துத் தமிழ் படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. ஊர்ப் பெயரின் வாலில் தொங்கும் அந்த "இ" எழுதியவரின் பிழை அல்ல. ஆங்கில விசைப்பலகையில் காற்புள்ளி இருக்கும் கட்டையில்தான் பாமினி எழுத்துரு "இ"யை வைத்திருக்கிறது. பாமினியில் தட்டிய ஆவணத்தில் காற்புள்ளியை மட்டும் ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்தால், எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையாகிய யுனிகோடுக்கு மாற்றும் கருவிக்கு அது தெரியாது. கண்ணில் பட்ட காற்புள்ளியை எல்லாம் "இ" ஆக்கிவிட்டுப் போய்விடும். அதைத் திருத்த ஒருவரும் உட்காரவில்லை என்பதுதான் வருத்தம்.

பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி: இந்த ஐந்தைத்தான். அவற்றின் மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். 1991இல் வெளியான யுனிகோடின் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கு உரிய குறியிடங்கள் உண்டு. அங்கே "த" எந்தக் கணினியிலும் "த"தான். இலங்கையும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தின் மூலம் இதை ஏற்றுக்கொண்டது. ஏட்டளவில் முடிந்துபோன வழக்கு. நடைமுறையில்தான் இன்னும் இழுபடுகிறது.

இழுபடுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்வது அநியாயம். பாமினியின் பக்கத்தில் வலுவான நியாயம் இருக்கிறது. அதன் விசை அமைப்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசையைத் தழுவியது: ய, ள, ன, க. தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வடிவம் கொடுத்த முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு, சொல்லட்டும். தட்டச்சு வகுப்பில் பழகிய விரல்களோடு அரச சேவையில் சேர்ந்தவர்களுக்குக் கணினி வந்தபோது பாமினி கை கொடுத்தது. புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. இன்றும் அந்தத் தலைமுறையில் ஒருவர் திரையைப் பார்க்காமலே அறிக்கை ஒன்றைத் தட்டி முடிப்பார். அவரிடம் போய் "இனிப் புதிய விசைப்பலகை" என்றால் முகம் சுருங்குவது இயல்பு.

அச்சகங்களின் கதை வேறு. அங்கே தடை விரலில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பின் புதிய பதிப்பே இல்லை. அதில் யுனிகோட் தமிழ் சரியாக அமையாது. ஆனால் இறந்தவருக்கு 31ஆம் நாளில் செய்யும் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு நூலை அடிக்க வருபவர் கையெழுத்துப் பிரதியைத் தந்துவிட்டு, அந்த நாளுக்குள் புத்தகம் வேண்டும் என்கிறார். பழகிய மென்பொருள், பழைய வார்ப்புரு, பாமினி வரிசையிலேயே கிடைக்கும் அலங்கார எழுத்துருக்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அச்சகக்காரர் ஏன் மாற வேண்டும்? அதே வேலைக்கான இன்டிசைன் மென்பொருளில், 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல் யுனிகோட் தமிழை ஒழுங்காக அடுக்க வழி இருக்கிறது. அதற்கு விலை உண்டு, கற்கும் நாட்களுக்குக் கூலி இல்லை. தாளில் அச்சாகிப் போகும் வேலைக்குப் பாமினி இன்னும் சில காலம் கிடந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கட்சி. கல்வெட்டை யாரும் தேடுபொறியில் தேடப்போவதில்லை. (நூற்றாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடுவார் என்பீர்கள். அவருக்காக அந்த அச்சகம் இன்று கடன்பட வேண்டியதில்லை.)

கந்தோருக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, அந்தச் சலுகை இல்லை. அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், குடிமகன் கேட்டால் ஆவணத்தை எடுத்துக் கொடு என்கிறது. எடுத்துக் கொடுக்க முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பாமினியில் கிடக்கும் காணிக் கடிதத்தை "கரவெட்டி" என்று யுனிகோடில் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் அந்தக் கோப்பில் கரவெட்டியே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை ஆங்கிலக் குப்பையாக ஒப்புவிக்கும். பொதுமக்கள் தங்கள் கைப்பேசியில் திறந்தால் வாசிக்கவே முடியாது.

யுனிகோடுக்கும் குறை உண்டு. அதன் குறியிட வரிசையில் "ந"வுக்கு அடுத்து "ன" வருகிறது, "ர"வுக்கு அடுத்து "ற". பெயர்ப் பட்டியலை அந்த வரிசைப்படியே அடுக்கினால் அரிச்சுவடி குழம்பும். தமிழுக்கான வரிசை விதியை மென்பொருளில் அமைக்க வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், கேட்டு வாங்க வேண்டும்.

இந்த விவாதத்தில் எப்போதும் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன: விரல் எப்படித் தட்டுகிறது, கணினி எதைச் சேமிக்கிறது. இரண்டையும் பிரித்தால் சண்டையில் பாதி போய்விடும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் பாமினி விசை அமைப்பிலேயே தட்டவிட்டு யுனிகோடாகச் சேமிக்கின்றன. தட்டுபவரின் வேகம் அப்படியே இருக்கும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டும் ஒலிப்பு முறையையும், தமிழ்99 என்ற விசை அமைப்பையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். "யாழ்ப்பாணம்" என்று எழுதப் பாமினியில் 11 தட்டு, தமிழ்99இல் 10. ஒலிப்பு முறையில் நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்தால் அதே 11, "ண"வுக்காக ஷிப்ட் வேறு. இந்த ஒரு தட்டு மிச்சத்துக்காக ஐம்பது வயதுக்காரரைப் புதிதாகப் பழகச் சொல்வது வீண் வேலை. புதிதாகச் சேரும் இளைஞருக்குத் தமிழ்99 நல்லது. சொல்லை ஊகித்துத் தரும் ஒலிப்பு முறை கைப்பேசிக்குப் போதும்; கந்தோரில் ஆட்பெயர்களின் ல, ள, ழவைக் கணினியின் ஊகத்திடம் ஒப்படைக்க நான் துணியமாட்டேன்.

மிஞ்சுவது பழைய கோப்புகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் திட்டம் ஆபத்தானது. ஆங்கிலத்தில் "ஜாஃப்னா" என்று எழுதியிருந்த இடத்தை மாற்றுக் கருவி "துயககயெ" என்று ஆக்கிவிடும். மின்னஞ்சல் முகவரிகளுக்கும் இதே கதிதான். பிழை கண்ணை உறுத்தினால் பிடித்துவிடலாம். இலட்சக்கணக்கான வரிகளில் உறுத்தாமல் பதுங்கும் பிழைகளை யார் பிடிப்பது? ஆகவே ஒரு கோப்பு மறுபடி தேவைப்படும்போது மட்டும் அதை மாற்றி, மூலத்தோடு ஒப்பு நோக்கி, மூலத்தையும் அழிக்காமல் வைப்பது நல்லது. ஒப்பு நோக்குபவருக்கு அதைக் கடமை நேரத்திலேயே செய்ய நேரம் ஒதுக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு அல்ல.