விடுமுறையில் இன்டீரியர் டிசைனருடன்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

இந்த விடுமுறையில், ஊரில் பெற்றோர் குடியிருக்கும் வீட்டின் சமையலறை, கூடம், படுக்கையறைகள் ஆகியவற்றின் உட்புற வேலையை ஓர் இன்டீரியர் டிசைனரிடம் ஒப்படைத்தோம். என்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டைச் சீரமைக்க எண்ணும் நண்பர்கள், இத்தகைய ஒருவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டே இருப்பதால், பார்த்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிசைனர் காட்டும் முப்பரிமாணப் படங்களை வைத்து அவரை எடைபோடக் கூடாது; அவர் தரும் அளவு குறித்த வரைபடங்களையும் பொருட்பட்டியலையும் வைத்தே எடைபோட வேண்டும். வீட்டிலேயே இருப்பவருக்கு இது நல்ல பழக்கம். வேலை முடிவதற்குள் விமானம் ஏறிவிட வேண்டியவருக்கோ இது கட்டாயம்.

டிசைனரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பலரிடம் பேசினோம். அவர்களில் சிலர் முன்பு செய்த வீடுகளின் படங்களைக் காட்டிவிட்டு, எங்கள் வீட்டைப் பார்க்காமலேயே மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தவரோ முதல் சந்திப்பில் படம் எதையும் காட்டவில்லை. கேள்விகள் மட்டுமே கேட்டார். சமையல் செய்பவரின் உயரம் என்ன, வலக்கையா இடக்கையா, இரவில் எழுந்து நடப்பவர் யார், குனிந்து எடுக்க முடியாதவர் யார், விருந்தினர் தங்கினால் அவர்கள் பெட்டியை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மாவை நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்தும் குறித்துக்கொண்டார். சமையல் மேடை வழக்கமாக 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் அமைக்கப்படுகிறது என்றாலும், நின்று வேலை செய்பவரின் முழங்கையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்வாக இருப்பதே தோளுக்கும் முதுகுக்கும் நல்லது. இவ்வளவு காலமும் தன் உயரத்திற்குப் பொருந்தாத மேடையில் சமைத்து வந்த அம்மாவுக்கு, யாரோ ஒருவர் டேப்புடன் வந்து இதைக் கேட்டதே வியப்பாக இருந்தது.

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைப் பயணத்திற்கு முன்பே வீட்டாருடன் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை ஜோடிச் செருப்பு, எவ்வளவு நீளத் துணிகள் தொங்கவிட வேண்டும், எந்தெந்த மின்சாதனங்கள் ஒரே நேரத்தில் ஓடும், எவற்றை வெளியே தெரிய வைக்கலாம், எவற்றை மூடி வைக்க வேண்டும் என்பன போன்ற சாதாரண விவரங்களே அலமாரியின் உட்பிரிவுகளையும் பிளக் பாயின்ட்டுகளின் இடங்களையும் தீர்மானிக்கின்றன. நிறத்தைப் பற்றியும் பாணியைப் பற்றியும் பேசுவதற்குப் பின்னால் நிறைய நேரம் இருக்கிறது.

அடுத்தது அளவெடுப்பு. பழைய வீட்டின் சுவர்கள் நேராக இருப்பதில்லை, மூலைகளும் சரியான செங்கோணமாக அமைவதில்லை. ஆகவே அகலத்தைத் தரையருகே ஒரு முறை, இடுப்பளவில் ஒரு முறை, மேலே ஒரு முறை என மூன்று உயரங்களில் அளந்து, மூலைவிட்டங்களையும் பார்ப்பதே முறையான வேலை. கட்டியவர் கொடுத்த பழைய வரைபடத்தை அப்படியே நம்பி அலமாரி செய்த ஓர் உறவினர் வீட்டில், மேலே பொருந்திய அலமாரி கீழே நுழையாமல் போய், பக்கப் பலகையை இழைத்துத் தள்ள வேண்டியதாயிற்று. உத்தரத்தின் அடிமட்டம், ஜன்னல் விளிம்பின் உயரம், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சுவரிலிருந்து வெளிவரும் இடங்கள், ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்ச் போர்டுகள் ஆகிய அனைத்தும் அளவுத்தாளில் வந்திருக்கின்றனவா என்று நாங்கள் ஒரு முறை சரிபார்த்தோம். அதற்குச் செலவான நேரம் வீண் போகவில்லை.

கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பலரும் கூச்சப்படுகிறார்கள். வடிவமைப்புக்கு மட்டும் ஒரு மொத்தத் தொகை, பரப்பளவுக்கு இவ்வளவு என்ற கணக்கு, மொத்தச் செலவில் ஒரு விழுக்காடு, வடிவமைப்பும் வேலையும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என நான்கு முறைகள் பரவலாக உள்ளன. விழுக்காட்டு முறையில், விலை கூடிய பொருளைத் தேர்ந்தெடுத்தால் டிசைனரின் கட்டணமும் கூடுகிறது. ஒரே ஒப்பந்தமாகக் கொடுக்கும்போது, ‘டிசைன் இலவசம்’ என்று சொல்லப்பட்டாலும் அதன் விலை பலகையிலும் கூலியிலும் மறைந்திருக்கிறது. வேலையைச் செய்பவரே வேலையின் தரத்தையும் சரிபார்ப்பவராக இருப்பார். எந்த முறையும் தன்னளவில் தவறில்லை. ஆனால் யாருடைய ஆதாயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். கடைகளிடமிருந்து டிசைனருக்குத் தரகு கிடைக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல், எந்த வகைப் பொருட்களில் கிடைக்கிறது என்று சொல்லி, அந்தத் தரகுத் தொகையை எங்கள் கணக்கிலேயே கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். கேட்டதற்காகக் கோபப்படுபவராக இருந்திருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தியிருப்போம்.

இனி, படங்களைப் பற்றி. முப்பரிமாணப் படம் கணினியில் அகன்ற கோணத்தில் வரையப்படுவதால், அறை உண்மையைவிட விசாலமாகத் தோன்றும். ஜன்னல் இல்லாத பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வரும். மின்கம்பியோ, செருப்போ, துடைப்பமோ அதில் இருப்பதில்லை. வீட்டாருக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர அந்தப் படம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துத் தச்சர் பலகை அறுக்க முடியாது, எலக்ட்ரீஷியன் சுவரை வெட்ட முடியாது. அவர்களுக்குத் தேவைப்படுவது அறைகளை மேலிருந்து பார்ப்பது போன்ற தரை வரைபடம், ஒவ்வொரு சுவரையும் நேரெதிரே நின்று பார்ப்பது போன்ற முகப்பு வரைபடம், அலமாரிகளைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றம், விளக்குகளுடன் கூடிய கூரை வரைபடம், மின்சார வரைபடம், குழாய் வரைபடம் ஆகியவையே. மின்சார வரைபடத்தில் ஒவ்வொரு பாயின்ட்டின் உயரமும் டைல்ஸ் பதித்து முடித்த தரைமட்டத்திலிருந்து குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தரையிலிருந்து அளந்தால், டைல்ஸ் வந்த பிறகு எல்லாப் போர்டுகளும் தாழ்ந்துவிடும்.

இந்த வரைபடங்கள் கைக்கு வந்ததும் நான் செய்த காரியம் எளியது. அளவுகளைப் படித்து, சாக்பீஸால் தரையில் வரைந்து, பெற்றோரை நடக்கச் சொன்னேன். நடைபாதைக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டரும், எதிரெதிரான இரு மேடைகளுக்கு நடுவே 105 முதல் 120 சென்டிமீட்டரும் இருந்தால்தான் ஒருவர் குனிந்து அடி அலமாரியைத் திறக்கும்போது மற்றவர் கடந்து போக முடியும். துணி அலமாரியின் ஆழம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஹேங்கரில் மாட்டிய சட்டையின் தோள் கதவில் இடிக்கும். எங்கள் படுக்கையறையில் படத்தில் மிக எடுப்பாக இருந்த ஓர் அலமாரி, சாக்பீஸ் கோட்டில் கட்டிலை வைத்துப் பார்த்தபோது, கதவைப் பாதிக்கு மேல் திறக்க இடம் தரவில்லை. டிசைனரும் உடனே ஒப்புக்கொண்டு, அதை நகரும் கதவாக மாற்றி வரைந்து கொடுத்தார். சாக்பீஸ் கோட்டில் மாற்றுவதற்கு யாருக்கும் செலவில்லை.

பொருட்பட்டியல்தான் சண்டைகள் பிறக்கும் இடம். ‘நல்ல பிளைவுட், தரமான கீல்’ என்று எழுதியிருக்கும் கொட்டேஷன் எதற்கும் உதவாது. அலமாரியின் பெட்டிக்கு எந்தப் பலகை, எத்தனை மில்லிமீட்டர், கதவுக்கு எது, பின்பலகைக்கு எது, மேலே ஒட்டும் லேமினேட் எந்த எண், விளிம்புப் பட்டை எவ்வளவு தடிமன், கீலும் டிராயர் சேனலும் எந்த நிறுவனத்தின் எந்த வகை என்று வரிவரியாக இருக்க வேண்டும். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு ஈரம் தாங்கும் பிளைவுட் தேவை. மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் சாதாரண பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பிவிடும், ஒரு முறை பிடுங்கிய திருகாணியை மறுமுறை இறுக்கிப் பிடிக்காது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் வழவழப்பான பெயின்ட் அழகாக அமரும் என்பதால் ஈரம் படாத கதவுகளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதில் குறையில்லை. எங்கள் பட்டியலில் ஒரு வரியில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு, மரவேலையைக் கீழ்க்குத்தகைக்கு எடுத்தவர்கள் மலிவான கீல்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாதிரிக்கென்று நாங்கள் முன்பே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்த கீலுடன் ஒப்பிட்டுக் காட்டியதால் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒப்புதல் அளித்த ஒவ்வொரு பொருளிலும் ஒரு மாதிரியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்திச் செய்யப்பட்ட பலகைகளின் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவைப் பற்றி எவரும் தாமாக முன்வந்து பேசுவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டிலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பிய முறையில் ஈ1 என்று குறிக்கப்படும் பலகை, சோதனை அறையின் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் அந்த வாயுவை வெளியிடக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட வெளியேற்றமும் கூடும் என்பதால், மூத்தவர்கள் உறங்கும் அறைக்கு இந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்கியதுடன், பலகையின் அறுத்த விளிம்புகள் அனைத்தும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, பட்டை ஒட்டி மூடப்பட வேண்டும் என்றும் எழுதிச் சேர்த்தோம். வேலை முடிந்த பின் அறைகளை நன்றாகக் காற்றாட விட்டே பெற்றோரை உள்ளே குடியேற்றினோம்.

நிறங்களைக் கடையின் வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள்; ஒரே லேமினேட் துண்டு 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் ஒரு நிறமாகவும், 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் வேறொரு நிறமாகவும் தெரியும். பெயின்ட்டும் லேமினேட்டும் ஓர் ஒளியில் ஒத்துப்போய், மற்றோர் ஒளியில் பிரிந்து நிற்பதும் உண்டு. எனவே விளக்குகளின் வகையை முதலில் தீர்மானித்து, மாதிரித் துண்டுகளைச் சுவரோரம் நிறுத்திப் பகலிலும் இரவிலும் பார்ப்பதே சரியான வரிசை.

வேலை தொடங்கிய பிறகு டிசைனர் தினமும் சைட்டில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார், அவர் இல்லாதபோது யார் பொறுப்பு, வேலையாள் கேட்கும் சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வார் என்பது ஒப்பந்தத்தில் இருந்தால் போதும். சுவரை இடிப்பது அவர் தனியாக முடிவெடுக்கும் விஷயமில்லை. பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வரைபடத்திற்கு ஒப்புதல் அளித்த பிறகு நாம் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடுதல் தொகையும் கூடுதல் நாட்களும் ஆகும் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். அந்தத் தொகையும் நாட்களும் வேலைக்கு முன்பே எழுத்தில் வரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஒரே ஓர் அலமாரியோ ஒரு மேசையோ மட்டும் தேவைப்படுபவருக்கு, இத்தனை ஏற்பாடும் வேண்டாம்; தேர்ந்த தச்சர் ஒருவரே போதும் என்பது என் எண்ணம்.

கால அட்டவணையில் வெளிநாட்டிலிருந்து வருபவர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. சமையல் மேடைக்கல்லின் இறுதி அளவை அதைத் தாங்கும் அடிப்பெட்டிகள் பொருத்தப்பட்ட பின்னரே துல்லியமாக எடுக்க முடியும். கல் வந்த பிறகுதான் தொட்டி, அதன் பிறகுதான் குழாய், கடைசியில்தான் சுவர் டைல்ஸின் மேல் வரிசை. இந்தச் சங்கிலியில் ஒன்று தாமதித்தால் பின்னால் வரும் அனைத்தும் தாமதிக்கும். விடுமுறையின் முற்பகுதியை வரைபடங்களுக்கும் பொருட்தேர்வுக்கும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நடக்கும் அறுப்பையும் ஒட்டலையும் தொலைவிலிருந்து கண்காணித்து, கடைசிக் கட்டத்துக்கு யாராவது ஒருவர் நேரில் நிற்குமாறு திட்டமிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. எங்களுக்கு அந்த ஒருவர் அண்ணனாக அமைந்தார். நேர வேறுபாடு இருப்பதால், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் வீடியோ அழைப்பு, மற்ற நாட்களில் படமும் குறிப்பும் எழுத்தில் என்று வைத்துக்கொண்டோம். சுவரில் வெட்டிய பள்ளங்களைப் பூசி மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னது பின்னர் மிகவும் உதவியது. திரைச்சீலைக் கம்பிக்குத் துளையிட்டபோது மின்கம்பி எங்கே போகிறது என்று எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

பணத்தைத் தேதிகளோடு இணைக்காமல், முடிந்த வேலைகளோடு இணைத்துத் தவணையாக்கினோம். வேலை முடிந்ததும் எழுதும் குறைகளின் பட்டியல் தீரும் வரை கடைசி 10 விழுக்காட்டை நிறுத்திவைக்கவும் டிசைனர் ஒப்புக்கொண்டார். ஒவ்வோர் இழுப்பறையையும் இழுத்து, ஒவ்வொரு கதவையும் மூடி, ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சார்ஜரைச் செருகி, தொட்டியை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு அடியில் கசிகிறதா என்று பார்த்து அண்ணன் எழுதிய பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. அவற்றில் பெரும்பாலானவை அதே வாரத்தில் சரிசெய்யப்பட்டன. ஒரு பருவம் மாறும்போது மரம் சற்றே விரிந்து சுருங்குவதால் கதவுகள் இடம் மாறும்; அப்போது ஒரு முறை வந்து கீல்களை இறுக்கிச் சமன் செய்து தருவதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறோம். இறுதி வரைபடங்கள், உத்தரவாத அட்டைகள், பெயின்ட் எண்கள், மிச்சமான லேமினேட் துண்டுகள், உபரி டைல்ஸ் ஆகியவை பரணில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டியின் மேல் மரவேலைக்கு யாரை அழைப்பது, குழாய்க்கு யாரை அழைப்பது என்று அண்ணன் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.