காலை சாதகம்: அகாரமா, சரளி வரிசையா?

கர்நாடக சங்கீத சாதகத்துக்கு (பயிற்சிக்கு) காலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது, எதைப் பாடுவது? ‘ஆ’ என்று நீட்டிப் பாடும் அகாரமா, ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையா?

மூச்சு: அகாரம். மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் (ப) வரை இறங்கி ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீட்டி நிறுத்தினால், மூச்சு எங்கே தளர்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். சரளியில் ஸ்வரங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தக் குறை மறைந்துவிடும்.

சுருதி: இரண்டுமே உதவும். ஆனால் சரளி பாடப்படும் ராகமான மாயாமாளவகௌளையில் (15ஆவது மேளம், அதாவது தாய் ராகம்) சட்ஜமும் ரிஷபமும் (ஸ, ரி) ஒட்டி நிற்பதால், சரளி காதை நன்றாகத் தீட்டும்.

தாளம்: சரளிதான். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், மூன்று காலம் (வேகம்).

தூங்கி எழுந்த தொண்டையோடு மூன்றாம் காலத்துக்குப் பாயாதீர்கள், தயவுசெய்து.

புதிதாகக் கற்பவர்களுக்குச் சரளி, முதல் காலத்தில் நிதானமாக. வர்ணம் (ஆரம்பப் பயிற்சிகளுக்குப் பின் கற்கும் உருப்படி) வரை வந்தவர்கள் அகாரத்தில் தொடங்கலாம். அப்புறம் அதே சரளியை ஸ்வரம் சொல்லாமல் அகாரமாகவே பாடலாம்.