ஜேஸ்டோர் இலவசக் கணக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு லோயர் (வழக்கறிஞர்) ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பகுதி நேரமாகக் குற்றவியல் படிக்கிறேன். பதிப்பகத் தளங்களில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைக்குக் கேட்கிற காசில் ஒரு வாரத்து மளிகை வாங்கிவிடலாம். அதனால் நான்கு மாதமாக, ஆய்வு இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணைய நூலகமான ஜேஸ்டோரின் இலவசக் கணக்குதான் எனக்குக் கைகொடுக்கிறது. மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் போதும், 30 நாளைக்கு 100 கட்டுரை வரை படிக்கலாம்.

கணவனிடம் அடிவாங்கி எங்கள் ஆபீஸுக்கு வரும் தோட்டத்து அக்காமார் முதலில் கேட்பது இதுதான்: "போலீஸ் பிடிச்சிட்டுப் போனா, திரும்பி வந்து இன்னும் அடிப்பாரே, தங்கச்சி?" இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். 1984இல் அமெரிக்கன் சோசியலாஜிக்கல் ரிவ்யூ என்ற ஆய்வு இதழில் ஷெர்மன், பெர்க் என்ற ஆய்வாளர்கள் எழுதிய, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ஆய்வு கிடைத்தது. போலீஸ்காரர் கையில் மூன்று நிறப் படிவங்கள் கலந்த கட்டு. மேலே எந்த நிறம் இருக்கிறதோ அதன்படி வீட்டில் அடித்தவரைக் கைது செய்வது, இல்லை புத்திமதி, இல்லை அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே அனுப்புவது. மொத்தம் 314 வழக்குகள். ஆறு மாதத்துக்குள் மறுபடி போலீஸ் பதிவேட்டில் வந்தவர்கள், கைதானவர்களில் 10 விழுக்காடு, புத்திமதி கேட்டவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24.

சரி, கைதுதான் மருந்து என்று அதோடு மூடியிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். அதே ஷெர்மன் மில்வாக்கி என்ற இன்னொரு அமெரிக்க நகரத்தில் 1,200 வழக்குகளை வைத்து மறுபடி சோதித்து 1992இல் எழுதினார்: வேலையில் இருப்பவன் கைதுக்கு அடங்குகிறான், வேலை இல்லாதவனிடம் வன்முறை கூடிவிடுகிறது. அதைப் பற்றி வந்த கட்டுரைகளில் ஒன்று, 1910இல் தொடங்கிய 'குற்றச் சட்டம், குற்றவியல்' என்ற இதழில் இருக்கிறது. ஒருவர் தன் முடிவைத் தானே சோதித்து, மாறியதை எல்லாரும் படிக்கும்படி எழுதிவைக்கிற இடம் இந்த இதழ்கள்தான், அதற்காகவே எனக்கு இவற்றின்மேல் இவ்வளவு மரியாதை. அக்கா கேட்டது வெறும் பயமில்லை என்பதும் அங்கேதான் புரிந்தது. அமெரிக்காவில் செய்தது நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை, இங்கேயும் யாராவது செய்து பார்க்க வேண்டும்.

இலவசக் கணக்கில் இறக்கிவைக்க முடியாது, திரையில்தான் படிக்க வேண்டும். பல இதழ்களின் கடைசிச் சில வருடங்கள் இருக்காது. கைப்பேசியில் அட்டவணைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் வலிக்கும், கணினி இருந்தால் நல்லது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அப்புறம், மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வருகிறவர்களிடம், வீட்டுக்காரருக்கு இப்போது வேலை இருக்கிறதா என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.