ஸ்கூல் கட்ட பாண்டா, பார்சல் டாக்ஸா, இல்ல இப்படியே ஒட்டுப்போட்டு ஓட்டுறதா? ஒரு கலிஃபோர்னியா கணக்கு

எங்க பசங்க படிக்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல பழைய ஸ்கூல் பில்டிங்க எல்லாம் இடிச்சு கட்ட ஒரு பாண்ட் மெஷர, அதாவது கடன் வாங்க மக்கள்கிட்ட அனுமதி கேக்கிறத, பேலட்ல ஓட்டுக்கு வைக்கலாமான்னு ஸ்கூல் போர்டு யோசிச்சிட்டு இருக்கு. நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வாரமா இதே பேச்சுதான். பாதி பேர் "பசங்களுக்குத்தானே, கண்ண மூடிட்டு எஸ் போடுவோம்"ங்கிறாங்க. மீதி பேர் "ஏற்கனவே பிராப்பர்ட்டி டாக்ஸ் கழுத்த நெரிக்குது, இதுல இன்னும் ஒரு கடனா"ன்னு கேக்குறாங்க. பாண்ட் வேணாம்னா பணம் வேற எந்த வழியில வரும், அந்த வழியில யார் பாக்கெட்ல இருந்து எவ்வளவு போகும்னு ரெண்டு பக்கமும் பேசல. நான் கொஞ்ச நாளா இத உக்காந்து படிச்சதுல புரிஞ்சத இங்க எழுதுறேன்.

மொதல்ல ஏன் இந்த நிலமைன்னு பாத்துடுவோம். 1978ல ப்ரொபசிஷன் 13னு மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் வந்துச்சு. வீட்டு வரி அசெஸ்டு வேல்யூல (வரிக்காகப் போட்டு வைக்கிற வீட்டு மதிப்பு) 1 சதவீதம்தான், அந்த வேல்யூவும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, வீடு கை மாறுனாதான் மார்க்கெட் விலைக்கு வரும். டீச்சர் சம்பளம், கரண்ட் பில் மாதிரி அன்றாடச் செலவுக்கு ஸ்டேட் ஒரு ஃபார்முலா வச்சு பணம் தருது, ஆனா கட்டடம் கட்ட அதுல தனியா ஒதுக்கீடு கிடையாது. அதனால பெரிய வேலைன்னு வந்தா ஊர் மக்கள்கிட்டதான் கேக்கணும்.

பாண்ட்னா டிஸ்ட்ரிக்ட் முதலீட்டாளர்கள்கிட்ட கடன் வாங்கும், அத நம்ம எல்லாரும் வீட்டு வரியோட சேத்து வருஷா வருஷம் அடைக்கணும். 2000 வரைக்கும் இதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், ப்ரொபசிஷன் 39 வந்தப்புறம் 55 சதவீதம் போதும். ஆனா அதுக்கு பதிலா கட்டுப்பாடு போட்டாங்க: என்னென்ன வேலைன்னு லிஸ்ட் முன்னாடியே குடுக்கணும், வருஷா வருஷம் ஆடிட் நடக்கணும், சம்பளத்துக்கு ஒரு பைசா எடுக்கக்கூடாது, குறைஞ்சது 7 பேர் உள்ள பொதுமக்கள் கண்காணிப்புக் கமிட்டி இருக்கணும். கேஜி முதல் 12 வரைக்கும் சேர்ந்த யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட்னா, ஒரு தடவ போடுற மெஷருக்கு 1,00,000 டாலர் அசெஸ்டு வேல்யூக்கு வருஷம் 60 டாலருக்கு மேல போகாதுன்னு கணக்கு காட்டணும்.

இந்த 60 டாலர்லதான் விஷயமே இருக்கு. போன வருஷம் 12 லட்சம் டாலருக்கு வீடு வாங்குன ஒருத்தருக்கு உச்ச ரேட்ல 720 டாலர் வரும். அவருக்கு பக்கத்து வீட்டுல எண்பதுகள்ல இருந்து குடியிருக்கிற பெரியவருக்கு அசெஸ்டு வேல்யூ ஒன்றரை லட்சம்தான் இருக்கும்னு வைங்க, அவர் கட்டுறது 90 டாலர். ரெண்டு வீடும் ஒரே சைஸ், ஒரே தெரு. நம்ம ஆளுங்க பெரும்பாலும் கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல வாங்குனவங்க, அதனால பாண்ட் பாரம் நம்ம மேல கூடத்தான் விழும், இத மறைச்சுப் பேசுறதுல அர்த்தம் இல்ல. அதுலயும் எச்1பி, கிரீன் கார்டுல இருக்கவங்க நெலம இன்னும் கஷ்டம், வரி முழுசா கட்டுவாங்க, பேலட்ல ஓட்டு கிடையாது. என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணா பதினோரு வருஷமா வரி கட்டுறாரு, ரெண்டு பிள்ளைங்களும் இதே ஸ்கூல்லதான், ஒரு தடவ கூட இதுல ஓட்டுப் போட அவருக்கு வாய்ப்பு கிடைக்கல. அதனாலதான் சொல்றேன், ஓட்டு இல்லாதவங்களும் போர்டு மீட்டிங்ல போய் மூணு நிமிஷம் பேசலாம், அதுக்கு யாரும் சிட்டிசன்ஷிப் கேக்க மாட்டாங்க.

அடுத்து வட்டி. பாண்ட எதிர்க்கிறவங்க "100 மில்லியன் வாங்கி 160 மில்லியன் கட்டணும்"னு மெசேஜ் ஃபார்வர்ட் பண்றாங்க. கணக்கு சரிதான், 4 சதவீத வட்டிக்கு 25 வருஷம் சமமா கட்டுனா வருஷம் 64 லட்சம் டாலர் சுமார், மொத்தம் 160 மில்லியன் வரும். ஆனா இதே ஃபார்வர்ட் பண்றவங்க எல்லாரும் 30 வருஷ ஹோம் லோன்லதான் வீடு வாங்கியிருக்கோம், முழுப் பணமும் சேரட்டும்னு வாடகை வீட்டுல காத்திருக்கல. ஸ்கூல் பில்டிங் அம்பது வருஷம் நிக்கும், அதுல படிக்கப்போற பிள்ளைங்கள்ல பாதி இன்னும் பொறக்கவே இல்ல, அந்தக் குடும்பங்களும் பங்கு கட்டணும்னா கடன்தான் வழி. கடன் இல்லாம வாழணும்னு சொல்லி வளர்க்கப்பட்டவங்க நாம, எனக்கும் இந்த இடத்துல மனசு தயங்கத்தான் செஞ்சுது, ஆனா பத்து வருஷம் சேத்து வச்சு கட்டலாம்னா இப்ப படிக்கிற பிள்ளைங்க வீட்டுப் பணம் மட்டும் போகும், அவங்க பில்டிங்க பாக்காமலே படிப்ப முடிச்சிட்டு போயிடுவாங்க.

உண்மையா பயப்பட வேண்டியது வேற ஒரு வகை பாண்டுக்கு. கேப்பிட்டல் அப்ரிசியேஷன் பாண்ட்னு பேரு. வட்டிய வருஷா வருஷம் கட்டாம அசலோட சேத்துக்கிட்டே போறது, நம்ம ஊர் பாஷைல வட்டிக்கு வட்டி. சான் டியேகோ பக்கம் பவே யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட் 2011ல இப்படி 105 மில்லியன் டாலர் வாங்குச்சு. வரி ரேட்ட ஏத்த மாட்டோம்னு மக்கள்கிட்ட சொல்லியிருந்தாங்க, அதனால முதல் 20 வருஷம் ஒண்ணும் கட்ட வேணாம்ங்கிற மாதிரி ஏற்பாடு. திருப்பிக் கட்ட வேண்டிய தொகை கிட்டத்தட்ட 1 பில்லியன் டாலர், ஒம்பது மடங்குக்கு மேல. அன்னிக்கு முதல் வகுப்புல உக்காந்திருந்த குழந்தைங்க பெரியவங்களாகி அந்த ஊர்லயே வீடு வாங்குனா, தான் படிச்ச ஸ்கூலோட கடன தானே அடைக்கணும். அந்த விஷயம் வெளிய வந்து பெரிய சத்தமானப்புறம் 2013ல ஏபி 182னு சட்டம் போட்டு, இந்த வகை பாண்டுக்கு 25 வருஷம்தான் உச்சம், மொத்தமா கட்டுறது அசலோட 4 மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்படுத்துனாங்க. 4 மடங்குங்கிறதே எனக்கு அதிகமாத்தான் தெரியுது. "வரி ஏறாது, பாண்ட் மட்டும் போடுறோம்"னு யாராவது சொன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, எந்த வகை பாண்ட், எந்த வருஷத்துல இருந்து கட்டணும்னு கேளுங்க.

பாண்ட் பணம் நல்லபடியா போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு லாஸ் ஏஞ்சலஸ் உதாரணம் போதும். அங்க ஒரு காலத்துல கூட்டம் தாங்காம பல ஸ்கூல்கள் வருஷம் பூரா ஷிஃப்ட் மாதிரி ஓடுச்சு, சில கேலண்டர்ல பிள்ளைங்களுக்கு 180 நாளுக்கு பதிலா 163 நாள்தான் கிளாஸ். 1997ல ப்ரொபசிஷன் பிபின்னு 2.4 பில்லியன் டாலர் பாண்ட் பாஸ் ஆச்சு, அதுக்கப்புறம் 2002, 2004, 2005, 2008ன்னு வரிசையா. அந்தப் பணத்துலதான் 130க்கு மேல புது ஸ்கூல் கட்டுனாங்க, பிள்ளைங்க பழையபடி நார்மல் கேலண்டருக்கு வந்தாங்க. அதே டிஸ்ட்ரிக்ட்லதான் 2013ல இதே பாண்ட் பணத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஐபேட் குடுக்கிற திட்டம் ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே அந்த கான்ட்ராக்ட நிறுத்துனாங்க. அஞ்சு வருஷம் கூட ஓடாத சாமானுக்கு இருபது முப்பது வருஷக் கடன் வாங்குறதுக்கும் மளிகைச் சாமானுக்கு ஹோம் லோன் எடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க. சுவர், கூரை, குழாய், வயரிங் இதுக்கெல்லாம் பாண்ட் சரி. லேப்டாப்புக்கு வேணவே வேணாம்.

இப்ப பார்சல் டாக்ஸுக்கு வருவோம். குரூப்ல ரெண்டு மூணு பேர் இதத்தான் சொல்றாங்க, கடனே இல்லையே, வட்டி மிச்சம்னு. ஒரு மனைக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை, வீடு 3 லட்சமோ 30 லட்சமோ அதே காசுதான் பெரும்பாலும். புதுசா வாங்குனவங்களுக்கு இது பாண்ட விட நியாயமா தெரியும், உண்மைதான், அந்த 720, 90 வித்தியாசம் இதுல வராது. ஆனா சின்ன காண்டோல இருக்கிற குடும்பமும் மலை மேல பங்களால இருக்கவரும் ஒரே தொகை கட்டுறது எனக்கு உடன்பாடு இல்ல. பாஸ் ஆகுறதுக்கும் பொதுவா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். பெரும்பாலும் சில வருஷத்துக்கு மட்டும் போடுறது, முடியும்போது திரும்ப ஓட்டுக்குப் போகணும். இதுல வர்ற பணத்த சம்பளத்துக்குப் பயன்படுத்தலாம்ங்கிறது பெரிய பலம், மியூசிக் டீச்சர், லைப்ரரியன், கவுன்சிலர் இவங்கள காப்பாத்த இது நல்ல வழி. ஆறு ஸ்கூல இடிச்சு கட்ட இது காணாது.

மூணாவது ஒரு வழி இருக்கு, அதப் பத்தி போர்டும் சத்தமா பேசாது. சர்டிஃபிகேட்ஸ் ஆஃப் பார்ட்டிசிபேஷன், சுருக்கமா சிஓபி. டிஸ்ட்ரிக்ட் தன்னோட சொத்த குத்தகைக்கு விட்டு திரும்ப எடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணி பணம் வாங்கும், சட்டப்படி அது கடன் கணக்குல வராது, அதனால மக்கள் ஓட்டும் வேணாம். தவணை எங்க இருந்து போகும்? ஜெனரல் ஃபண்ட்ல இருந்து, அதாவது டீச்சர் சம்பளம் வர்ற அதே பானைல இருந்து. வருமானம் குறையுற வருஷத்துல இந்தத் தவணை நிக்காது, வேற ஏதோ ஒண்ணு நிக்கும். கலிஃபோர்னியா பப்ளிக் ஸ்கூல்ல பிள்ளைங்க எண்ணிக்கை 2019க்கு அப்புறம் சில லட்சம் குறைஞ்சிருக்கு, பணம் வருகைப் பதிவக் கணக்கு பண்ணி வர்றதால அதுவும் குறையும். "பாண்ட் தோத்தா பரவால்ல"ன்னு நினைக்கிறவங்க, தோத்தப்புறம் டிஸ்ட்ரிக்ட் இந்தப் பக்கம் திரும்பலாம்ங்கிறத யோசிக்கணும்.

"ஸ்டேட் குடுக்கட்டுமே"ங்கிறவங்களுக்கு: குடுக்கும், ஆனா பங்கு கேக்கும். ஸ்டேட்டும் பாண்ட் போட்டுத்தான் தருது. 2016ல ப்ரொபசிஷன் 51ல 9 பில்லியன் வந்துச்சு, 2020 மார்ச்ல 15 பில்லியன் கேட்டது தோத்துச்சு, 2024 நவம்பர்ல ப்ரொபசிஷன் 2ல 10 பில்லியன் பாஸ் ஆச்சு. ரொம்ப நாளா கணக்கு என்னன்னா, புது பில்டிங்னா பாதிக்குப் பாதி, பழசப் புதுப்பிச்சா ஸ்டேட் 60, ஊர் 40. வசதி குறைஞ்ச ஊருக்கு ப்ரொபசிஷன் 2 கொஞ்சம் கூட்டித் தருது. ஊர்ப் பங்கு கைல இருந்தாதான் வரிசைல நிக்க முடியும், அந்தப் பங்கு பெரும்பாலும் வர்றது பாண்ட்ல இருந்துதான். நாம கட்டுற வரில ஒரு பகுதி ஏற்கனவே அந்த ஸ்டேட் கடன அடைக்கப் போயிட்டு இருக்கு, நம்ம ஊர் பாண்ட் போடலன்னா அந்தப் பணம் பாண்ட் போட்ட ஊருக்குப் போகும். பில்டர்கள்கிட்ட வாங்குற டெவலப்பர் ஃபீ பத்தி சொல்ல பெருசா இல்ல, புது வீடு வர்ற ஊருக்கு உதவும், ஏற்கனவே நிறைஞ்ச எங்க ஊருக்கு இல்ல.

கடைசியா, எதுவும் பண்ணாம ரிப்பேர் பண்ணியே ஓட்டுறது. பாக்க சிக்கனமா இருக்கும், ஆனா எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம். 1996ல ஸ்டேட் சின்ன வகுப்புகள்ல 20 பிள்ளைங்கதான்னு ஊக்கத்தொகை குடுத்தப்ப இடம் பத்தாம ஆயிரக்கணக்குல போர்டபிள் ரூம் (தூக்கிட்டு வந்து வைக்கிற தற்காலிக வகுப்பறை) கொண்டு வந்து இறக்குனாங்க. 20 வருஷம் ஆன போர்டபிளப் புதுப்பிக்க ஸ்டேட்டே பணம் தருது, அதுல பல ரூம் இன்னிக்கும் அப்படியே ஓடுது. எங்க சின்னவ உக்காந்திருக்கிறது அப்படி ஒரு ரூம்லதான், மழை பெஞ்சா மூலைல பக்கெட் வைப்பாங்க, செப்டம்பர் வெயில்ல ஏசி நின்னா டீச்சர் பிள்ளைங்கள வெளிய மரத்தடிக்கு கூட்டிட்டு போவாங்க. வருஷா வருஷம் அந்தக் கூரைக்கு செலவு பண்றாங்க, அதுவும் ஜெனரல் ஃபண்ட் காசுதான்.

பூகம்பத்தையும் நினைக்கணும். 1933 மார்ச் 10 சாயங்காலம் 5:54க்கு லாங் பீச்ல பூமி ஆடுனப்ப 70 ஸ்கூல் இடிஞ்சுது, இன்னும் 120 சேதமாச்சு. பிள்ளைங்க வீட்டுக்குப் போயிருந்த நேரம். ஒரே மாசத்துல ஃபீல்ட் ஆக்ட் வந்துச்சு, அன்னில இருந்து ஸ்கூல் பில்டிங் பிளான ஸ்டேட் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் தனியா பாத்து அனுமதி குடுக்கணும். அதனாலதான் இங்க ஸ்கூல் கட்ட மத்த பில்டிங்க விட செலவும் நேரமும் கூட ஆகுது, "ஒரு கிளாஸ்ரூமுக்கு இவ்வளவா"ன்னு கேக்கிறவங்களுக்கு அதுல ஒரு பங்கு பதில் இருக்கு.

என் முடிவு பாண்ட் பக்கம்தான், 720 டாலர் கட்டப்போற ஆளாவே சொல்றேன். ஆனா வர்ற செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல மூணு விஷயம் எழுத்துல கேக்கப் போறேன்: கேப்பிட்டல் அப்ரிசியேஷன் பாண்ட் விக்க மாட்டோம்னு போர்டு தீர்மானம் போடுமா, லிஸ்ட்ல "மற்றும் இதர வேலைகள்"னு பொத்தாம் பொதுவா எழுதாம ஸ்கூல் வாரியா வேலையப் போடுவீங்களா, பிள்ளைங்க குறைஞ்சு ரெண்டு ஸ்கூல மூடுற பேச்சு இருக்கே, மூடப்போற ஸ்கூலுக்கும் இதுல பணம் இருக்கா. கண்காணிப்புக் கமிட்டில பேரன்ட் சீட் ஒண்ணு கண்டிப்பா உண்டு, பாஸ் ஆனா அதுக்கு அப்ளை பண்ணப் போறேன். நம்ம குரூப்ல இருந்து இன்னும் நாலஞ்சு பேர் கூட வந்தா நல்லா இருக்கும், மீட்டிங் 6:30க்கு, பேசணும்னா பேர் எழுதிக் குடுக்க 6 மணிக்கே வந்துடுங்க.